எம்.எஸ். நோய்க்கு மருந்தெடுப்பவருக்குத் தடிமன் காய்ச்சல் வந்தால்…

கார்த்திகை பிறந்துவிட்டால் ஒஸ்லோவில் வீட்டுக்கு வீடு இருமல் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். பிள்ளைகள் பாடசாலையிலிருந்து கொண்டுவருவார்கள், பெரியவர்கள் ரீ-பானாவிலும் வேலைத்தலத்திலும் வாங்கிவருவார்கள். நாலு நாள் மூக்கைச் சிந்திவிட்டு எழும்பி வேலைக்குப் போவதுதான் எம்மில் பெரும்பாலானோரின் வழக்கம். ஆனால் எல்லா வீட்டிலும் அது அப்படி முடிவதில்லை.

சென்ற குளிர்காலத்தில் எமது ஒன்றுகூடல் ஒன்றின்போது ஒரு தாயார் எம்மை மண்டபத்துக்கு வெளியே தனியே அழைத்துச் சென்று, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “மகளுக்கு எம்.எஸ். எண்டு சொல்லி மூண்டு வருசமாகுது. அரை வருசத்துக்கு ஒருக்கா ஆஸ்பத்திரியில மருந்து ஏத்துறவை. இப்ப அவளுக்குத் தடிமன் காய்ச்சல். பழையபடி கால் விறைக்குது, கண் மங்குது எண்டு அழுகிறாள். வருத்தம் திரும்பிட்டுதோ? அந்த மருந்தை நிப்பாட்டவோ? சொந்தக்காரர் ஒருத்தருக்கும் நாங்கள் இன்னும் சொல்லேல்லை. வீட்டுக்கு வாறவையை வராதேங்கோ எண்டு என்னெண்டு சொல்லுறது?”

இந்தத் தாயாரின் கேள்விகள் எமது சமூகத்தில் இன்னும் சில வீடுகளிலும் இருக்கின்றன என்பது எமக்குத் தெரியும். எனவே இம்முறை எமது மருத்துவப் பக்கத்தை அவற்றுக்கே ஒதுக்கியுள்ளோம்.

எம்.எஸ். என்பது என்ன?

மல்ற்றிப்பிள் ஸ்கிளிரோசிஸ் என்பதன் சுருக்கமே எம்.எஸ். எமது மூளையிலும் முள்ளந்தண்டு வடத்திலும் உள்ள நரம்புகளைச் சுற்றி மயலின் எனப்படும் ஓர் உறை இருக்கின்றது. மின்கம்பியைச் சுற்றியிருக்கும் இறப்பர் போன்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். கிருமிகளை எதிர்க்கவேண்டிய எமது உடலின் நோயெதிர்ப்புப் படையே இலக்குத் தவறி இந்த உறையைத் தாக்குவதுதான் இந்நோய். உறை பழுதுபட்ட இடத்தைப் பொறுத்து ஒருவருக்குக் கண் மங்கும், இன்னொருவருக்குக் கால் விறைக்கும், வேறொருவருக்குச் சிறுநீரைக் கட்டுப்படுத்த முடியாமற் போகும். கடுங்களைப்பு அநேகமாக எல்லோருக்கும் உண்டு. இது தொற்றும் நோயன்று. யாருடைய பாவமும் அன்று.

உலகில் இந்நோய் மிக அதிகமாகக் காணப்படும் நாடுகளில் நோர்வேயும் ஒன்று. இங்கு 13 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்நோயுடன் வாழ்கின்றார்கள். ஊரில் எமது பாட்டன் பாட்டிமார் இப்படியொரு வருத்தத்தின் பெயரையே கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஒஸ்லோ பல்கலைக்கழக மருத்துவமனையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் நோர்வேயில் வாழும் குடிவரவாளரிடையே எம்.எஸ். பற்றி ஆராய்ந்து 2015இல் வெளியிட்ட கட்டுரையில், ஆசிய, ஆபிரிக்க நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கு இந்நோய் நோர்வேஜியரைவிடக் குறைவு என்றும், ஆனால் பாகிஸ்தானியப் பெற்றோருக்கு இங்கு பிறந்த பிள்ளைகளிடம் அது தெளிவாகக் கூடியிருக்கின்றது என்றும் எழுதினார்கள். வெயில் குறைந்த நாட்டில் உயிர்ச்சத்து ‘டி’ போதாமை இதற்கு ஒரு காரணமாகலாம் எனக் கருதப்படுகின்றது. ஒஸ்லோவில் வாழும் இலங்கையரின் இரத்தத்தில் இந்தச் சத்து இலங்கையில் வாழ்வோரைவிட மிகக் குறைவு என்பதை 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வு ஏற்கெனவே காட்டியிருந்தது. ஆகவே “இது வெள்ளைக்காரரின் வருத்தம், எங்கட ஆக்களுக்கு வராது” என்று இனிமேலும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

வருத்தம் திரும்பிவிட்டதா?

தாயாரின் முதற் கேள்வி இது. 1890ஆம் ஆண்டில் வில்லெம் ஊட்ஹொவ் என்ற ஜேர்மானியக் கண் வைத்தியர் ஒரு விடயத்தை அவதானித்தார். அவரிடம் வந்த எம்.எஸ். நோயாளிகள் சிலருக்கு உடலை வருத்தி நடந்தபின் கண்பார்வை மங்கியது. ஓய்வெடுத்ததும் திரும்பி வந்தது. உடல் சூடேறுவதே இதற்குக் காரணம் என்பது பின்னர் தெளிவானது. உறை பழுதுபட்ட நரம்பு, உடலின் வெப்பநிலை சற்றுக் கூடினாலும் செய்தியைச் சரியாகக் கடத்தமாட்டாது. அரைப் பாகை கூடினாலே போதும். காய்ச்சல் வந்தாலும் இதுதான் நடக்கின்றது. முன்பு ஒரு தடவை வந்துபோன விறைப்பு, மங்கல், தள்ளாட்டம் எல்லாம் மறுபடி தலைகாட்டும். காய்ச்சல் இறங்கியதும் அவையும் இறங்கும். இதனை வைத்தியர்கள் ‘போலித் தாக்கம்’ என்பார்கள். நரம்பில் புதிய பழுது எதுவும் அப்போது ஏற்படுவதில்லை.

உண்மையான தாக்கம் என்றால் காய்ச்சலோ தொற்றோ இல்லாத வேளையில் புதிய குறியொன்று தோன்றி, அல்லது பழைய குறி கடுமையாகி, 24 மணித்தியாலத்துக்கு மேல் விடாமல் நிற்கும். இரண்டையும் வீட்டிலிருந்து பிரித்தறிவது எப்போதும் இலகுவன்று. அதனால்தான் எம்.எஸ். தாதியையோ நரம்பியல் பிரிவையோ தொலைபேசியில் கேட்கவேண்டும் என்கின்றோம். தாக்கத்துக்குக் கொடுக்கப்படும் கோர்ட்டிசோன் மருந்தை அதிக அளவில் ஏற்றுவதற்கு முன் உடலில் தொற்று உண்டா என்று பார்ப்பார்கள். சிறுநீரையும் சோதிப்பார்கள், ஏனெனில் தடிமனைப் போலவே சிறுநீர்த் தொற்றும் இந்த வேலையைக் காட்டும்.

ஆனால் தடிமன் காய்ச்சலை முற்றாகச் சின்ன விடயம் என்று தள்ளிவிடவும் கூடாது. அமெரிக்காவின் அரிசோனாவில் வில்லியம் சிப்லி என்பவரும் அவரது குழுவினரும் எம்.எஸ். நோயாளர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1985இல் எழுதிய கட்டுரையில், வைரசுத் தொற்று வந்த காலத்தை ஒட்டிய வாரங்களில் உண்மையான தாக்கங்களும் கூடுதலாக வந்ததைக் காட்டினார்கள். பின்னர் ஐரோப்பாவில் நடந்த ஆய்வுகளும் அதையே சொல்லின. ஆகவே காய்ச்சல் போய் ஒரு வாரமாகியும் கால் விறைப்புப் போகவில்லை என்றால் பேசாமல் இருக்க வேண்டாம்.

காய்ச்சலை இறக்குவது இங்கு வெறும் சுகத்துக்காக மட்டுமல்ல. பாராசெட்டைப் பொதியில் எழுதியுள்ள அளவுக்குள் நேரத்துக்கு நேரம் கொடுங்கள். மெல்லிய உடுப்பு, குளிர்ந்த தண்ணீர், ஈரத்துணி எல்லாம் உதவும். இந்த இடத்தில் எமது அம்மாமார் கோபிக்கக்கூடாது: போர்வையால் மூடிக்கொண்டு ஆவி பிடிப்பதும் சுடுதண்ணீரில் குளிப்பதும் மற்றவருக்கு இதம் தரலாம், எம்.எஸ். உள்ளவருக்கு அந்தச் சூட்டிலேயே கால் சோர்ந்து விழவும் கூடும். குளியலறையில் விழுந்தால் தடிமனைவிடப் பெரிய கதையாகிவிடும். கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்துக் குடிப்பதில் தடையில்லை. சற்று ஆறவிட்டுக் கொடுங்கள், அவ்வளவுதான்.

என்ன மருந்து என்பதிலேதான் எல்லாம் தங்கியிருக்கின்றது

“எம்.எஸ். மருந்து எடுத்தால் நோயெதிர்ப்புச் சக்தி போய்விடும்” என்று பொதுவாகச் சொல்கின்றார்கள். இது பாதி உண்மை. மருந்துக்கு மருந்து வேறுபாடு மிகப் பெரியது. ஆகவே வீட்டில் ஒருவருக்கு எம்.எஸ். இருந்தால் அவர் எடுக்கும் மருந்தின் பெயர் மற்றவர்களுக்கும் தெரிந்திருக்கவேண்டும். “ஏதோ ஊசி” என்ற பதில் வைத்தியருக்கு உதவாது.

இன்டர்பெரோன், கொபக்சோன் போன்ற பழைய ஊசிகள் தொற்றை எதிர்க்கும் வலிமையைக் குறிப்பிடும்படி குறைப்பதில்லை. இன்டர்பெரோன் போட்ட அன்று இரவு குளிரும் நடுக்கமும் உடம்பு நோவும் வருவது வழமை. அதைத் தொற்றுக் காய்ச்சல் என்று எண்ணிப் பயப்படுபவர்களும் உண்டு, உண்மையான காய்ச்சலை ஊசிக் காய்ச்சல் என்று விட்டுவிடுபவர்களும் உண்டு. ரெக்பிடெரா குளிசை சிலருக்கு நிணநீர்க்கலங்கள் எனப்படும் வெள்ளணுக்களைக் குறைக்கும். அதற்காகத்தான் அடிக்கடி இரத்தம் எடுத்துப் பார்க்கின்றார்கள். பிங்கோலிமொட் குளிசையோ அந்தக் கலங்களை நிணநீர்க்கணுக்களுக்குள் பூட்டிவைத்து, இரத்தத்தில் சுற்றவிடாமற் செய்கின்றது. கிளாட்ரிபின், அலெம்துசுமாப் ஆகியன சில மாதங்களுக்கு வெள்ளணுக்களை நன்றாகவே குறைத்துவிடும். பேர்கனில் ஹவுக்கலாண்ட் மருத்துவமனையில் குருத்தணுச் சிகிச்சை பெற்று வந்தவர்கள் ஆரம்ப மாதங்களில் எல்லோரையும்விட அதிக கவனம் எடுக்கவேண்டியவர்கள்.

நோர்வேயில் இன்று மிகப் பரவலாகக் கொடுக்கப்படுவது ரித்துக்சிமாப். தாயார் சொன்ன ‘அரை வருசத்துக்கு ஒருக்கா ஏத்துற மருந்து’ அதுதான். ஒக்ரெலிசுமாப் அதன் நெருங்கிய உறவு. இந்த மருந்துகள் ‘பி’ வகை நிணநீர்க்கலங்களை அழிக்கின்றன. நோயைக் கட்டுப்படுத்துவதில் மிக நல்ல மருந்து என்பதில் ஐயமில்லை. சக்கரநாற்காலிக்குப் போயிருக்கக்கூடிய எத்தனையோ இளையவர்கள் இன்று வேலைக்குப் போய் வருகின்றார்கள். ஆனால் ‘பி’ கலங்களின் வழியாகவே எமது உடல் புதிய கிருமிக்கு எதிரான பிறபொருளெதிரியைச் செய்கின்றது. அந்தத் தொழிற்சாலை பூட்டப்பட்டிருக்கும்போது புதிய வைரசு ஒன்று வந்தால், உடல் தனது மற்றப் படையான ‘ரி’ கலங்களை நம்பித்தான் போரிடவேண்டும். பெரும்பாலும் அது வென்றுவிடுகின்றது. சிலவேளை போர் நீண்டுவிடுகின்றது.

கொரோனா கற்றுத்தந்தது

2020 மாசி 26இல் நோர்வேயின் முதலாவது கொரோனாத் தொற்று அறிவிக்கப்பட்டு, பங்குனி 12இல் நாடு மூடப்பட்டபோது எம்.எஸ். நோயாளர்களுக்கும் வைத்தியர்களுக்கும் பெரிய பயம் இருந்தது. இந்த மருந்துகளை எடுப்பவர்கள் எல்லோரும் மடிந்துவிடுவார்களோ என்ற பயம். எம்மவர் செறிந்து வாழும் குரூருட் பள்ளத்தாக்கில் ஸ்தூவ்னர், குரூருட், அல்னா பகுதிகளில்தான் ஒஸ்லோவின் தொற்று மிக அதிகமாக இருந்தது என்பதை மறந்திருக்க மாட்டீர்கள்.

பயந்த அளவுக்கு நடக்கவில்லை. 28 நாடுகளிலிருந்து 2,340 எம்.எஸ். நோயாளர்களின் விபரங்களைத் திரட்டி 2021இல் வெளியான ஆய்வு ஒன்றிலிருந்தும், இத்தாலியில் நடந்த ஆய்விலிருந்தும் தெளிவான படம் கிடைத்தது. எம்.எஸ். இருப்பது மட்டும் கொரோனாவைப் பயங்கரமாக்கவில்லை. வயது, பொல்லோ சக்கரநாற்காலியோ தேவைப்படும் அளவுக்கு உடல் இயலாமை, அதிக உடற்பருமன், நீரிழிவு, இருதய நோய் ஆகியனவே அதிகம் பாதித்தன. மருந்துகளில் ரித்துக்சிமாப்பும் ஒக்ரெலிசுமாப்பும் எடுத்தவர்கள் மற்ற மருந்து எடுத்தவர்களைவிடக் கூடுதலாக மருத்துவமனைக்குப் போகவேண்டியிருந்தது. இன்டர்பெரோன் எடுத்தவர்களுக்கு அப்படியில்லை. எமது மக்களிடையே நீரிழிவு எவ்வளவு அதிகம் என்பது எல்லோரும் அறிந்ததே. எம்.எஸ்.ஸும் நீரிழிவும் சேர்ந்த ஒருவர் தன்னை இரட்டிப்பாகக் கவனிக்கவேண்டும்.

அடுத்த பாடத்தைக் கற்றுத்தந்ததில் ஒஸ்லோவுக்கே நேரடிப் பங்குண்டு. 2020 மார்கழி 27இல் ஒஸ்லோவில் எல்லிங்ஸ்ரூட் முதியோர் இல்லத்தில் முதலாவது தடுப்பூசி போடப்பட்டது. 2021இல் ஒஸ்லோ பல்கலைக்கழக மருத்துவமனை ஆய்வாளர்கள், தடுப்பூசி போட்ட 500க்கு மேற்பட்ட எம்.எஸ். நோயாளர்களின் இரத்தத்தைச் சோதித்தார்கள். பெரும்பாலான மருந்துகளை எடுத்தவர்களுக்கு மற்றவர்களைப் போலவே பிறபொருளெதிரி உருவாகியிருந்தது. ரித்துக்சிமாப், பிங்கோலிமொட் எடுத்தவர்களிலோ பெரும்பாலானோருக்கு மிகக் குறைவு, சிலருக்கு ஒன்றுமே இல்லை. கடைசியாக ரித்துக்சிமாப் ஏற்றி எவ்வளவு காலம் கழிந்து தடுப்பூசி போட்டார்களோ, அவ்வளவுக்கு அது நன்றாக வேலைசெய்திருந்தது என்பதும் தெரியவந்தது. 2021 இலையுதிர்காலத்தில் நோயெதிர்ப்பு மிகக் குறைந்தவர்களுக்கு மற்றவர்களுக்கு முன்பாகவே மூன்றாவது ஊசி கொடுக்கப்பட்டதற்கு இத்தகைய ஆய்வுகளே அடிப்படை. ஒரு நல்ல செய்தியும் கிடைத்தது. ரித்துக்சிமாப் எடுத்தவர்களின் ‘ரி’ கலங்கள் தடுப்பூசியை நன்றாகவே அடையாளம் கண்டிருந்தன. “எதிர்ப்பு உண்டாகாதென்றால் ஊசி எதற்கு?” என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். தொற்றைத் தடுக்காவிட்டாலும் கடுமையாகாமற் காக்கும் வேலையை அந்தக் கலங்கள் செய்கின்றன.

இன்று கொரோனா மற்றத் தடிமன்களோடு ஒன்றாகிவிட்டது என்று நாம் எண்ணுகின்றோம். ஆனால் ‘பி’ கலங்கள் இல்லாத ஒருவரிடம் அது வாரக்கணக்கில் தங்கிவிடக்கூடும். காய்ச்சல் போவதும் வருவதுமாக இருக்கும், இருமல் விடாது, மூக்கில் செய்யும் சோதனை இல்லையென்று காட்டும், வைரசு நெஞ்சுக்குள் இருக்கும். இப்படி இழுபட்டால் “ரித்துக்சிமாப் எடுக்கிறேன்” என்ற இரண்டு சொற்களை வைத்தியரிடம் மறுபடி மறுபடி சொல்லுங்கள்.

மருந்தை நிறுத்தலாமா?

தாயாரின் இரண்டாவது கேள்விக்குச் சுருக்கமான பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள். பிங்கோலிமொட், நத்தலிசுமாப் ஆகியவற்றைத் திடீரென நிறுத்தினால் நோய் முன்னையதைவிட மூர்க்கமாகத் திரும்பி வரக்கூடும். தடிமனுக்குப் பயந்து அந்த ஆபத்தை விலைக்கு வாங்கக்கூடாது. ரித்துக்சிமாப் விடயம் வேறு. அதன் வேலை மாதக்கணக்கில் நீடிப்பதால், காய்ச்சலோடு இருக்கும் ஒருவருக்கு அடுத்த தவணையைச் சில வாரம் பின்போடுவது வழமை. இதனால் நோய்க்கட்டுப்பாடு கைவிட்டுப் போவதில்லை. ஏற்றும் நாளன்று காய்ச்சலை மறைத்துப் பாராசெட் போட்டுக்கொண்டு போவது, முறை தவறிவிடும் என்ற பயத்தில் சிலர் செய்வது, மிகவும் தவறானது. முதல்நாளே தொலைபேசி எடுத்துச் சொல்லுங்கள்.

ரித்துக்சிமாப்பைப் பல ஆண்டுகள் தொடர்ந்து எடுப்பவர்கள் சிலருக்கு இரத்தத்தில் ஐ.ஜி.ஜி. என்ற பிறபொருளெதிரியின் அளவு குறைந்துகொண்டே போகும். அப்படிக் குறையும்போது நெஞ்சுச்சளியும் சைனஸ் தொற்றும் அடிக்கடி வரும். “இந்த வருசம் மூன்றாவது தடவை அன்ரிபயோட்டிக் எடுக்கிறேன்” என்ற நிலை வந்தால் அதைக் குளிரின்மேல் பழி போட்டுவிடாமல், அளவைப் பார்க்கச் சொல்லிக் கேட்கவேண்டும். அளவைக் கண்டபின் இரண்டு தவணைகளுக்கு இடையிலான காலத்தை வைத்தியர்கள் நீட்டுவதுண்டு. இன்னுமொன்று, இதே மருந்து ஏற்றிச் சில மாதங்களின் பின், முன்னறிவிப்பு எதுவுமின்றிச் சிலருக்கு நியூற்றோபில் என்ற வெள்ளணு சடுதியாக விழுந்துவிடும். அரிதானது, ஆனால் ஆபத்தானது. தொண்டை நோவோடு கடுங்காய்ச்சல் வந்தால் அன்றே இரத்தம் பார்க்கவேண்டியது இதற்காகத்தான்.

எப்போது தொலைபேசி எடுப்பது?

நோர்வே வைத்தியர்மீது எம்மவருக்குள்ள பழைய குறை ஒன்றுண்டு. “என்ன வருத்தமெண்டு போனாலும் பாராசெட் போடு, தண்ணி குடி, படு எண்டுதான் சொல்லுவினம்.” பெரும்பாலான தடிமனுக்கு அது சரியான வைத்தியம்தான் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அன்ரிபயோட்டிக் வைரசைக் கொல்லாது. கொழும்பிலிருந்தும் சென்னையிலிருந்தும் கொண்டுவந்து அலுமாரியில் வைத்திருக்கும் குளிசைகளை இந்த வேளையில் தொடாதீர்கள். ஆனால் எம்.எஸ். மருந்து எடுப்பவர் இந்தப் ‘பெரும்பாலான’ கூட்டத்துக்குள் இல்லை என்பதைத் தொலைபேசி எடுத்தவுடன், முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடவேண்டும்.

காரணம், சில மருந்துகளுக்கு நேரம் முக்கியம். இன்புளுவென்சாவுக்குக் கொடுக்கப்படும் தமிபுளு குறிகள் தொடங்கி இரண்டு நாளுக்குள்ளும், கொரோனாவுக்குரிய பக்ஸ்லோவிட் ஐந்து நாளுக்குள்ளும் தொடங்கப்படவேண்டும். “பாப்பம், நாளைக்குக் குறையும்” என்று வெள்ளி தொடங்கித் திங்கள் வரை பார்த்துக்கொண்டிருந்தால் அந்த வாய்ப்புப் போய்விடும். ஆகவே அப்பொத்தேக்கில் விற்கும் கொரோனா வீட்டுச்சோதனை ஒன்றிரண்டை அலுமாரியில் வைத்திருங்கள். பக்ஸ்லோவிட் வேறு பல மருந்துகளோடு மோதும். எம்.எஸ். நோவுக்குக் கொடுக்கப்படும் கார்பமசெப்பின், கொழுப்புக்கான சில குளிசைகள் என்று பட்டியல் நீளம். வீட்டிலுள்ள எல்லா மருந்தின் பெயரையும், நாட்டு மருந்து உட்பட, வைத்தியரிடம் சொல்லவேண்டும்.

நாட்டு மருந்து என்றதும் ஒரு விடயம். ‘நோயெதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்’ என்று சொல்லி விற்கப்படும் தூள்களும் குளிசைகளும் கொரோனாக் காலத்தில் எமது வீடுகளுக்குள் நிறைய வந்து சேர்ந்தன. எம்.எஸ். நோயாளரின் பிரச்சினையே அந்தச் சக்தி பிழையான திசையில் வேலைசெய்வதுதான். அதைக் கூட்டுவதாகச் சொல்லும் பொருளை ஏன் வாங்கவேண்டும்? சீந்தில் குடித்து ஈரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி மும்பை வைத்தியர்கள் 2021இல் எழுதினார்கள். அஸ்வகந்தாவை டென்மார்க் 2023இல் தடைசெய்தது. எம்.எஸ். மருந்துகள் சில ஏற்கெனவே ஈரலுக்குச் சுமை கொடுப்பவை.

சாதாரண நாட்களில் குடும்ப வைத்தியரான பாஸ்ட்லேகேயை அழைக்கலாம். மாலையிலும் வார இறுதியிலும் 116117 என்ற இலக்கத்தில் லேகேவாக்த் கிடைக்கும். காய்ச்சல் மூன்று நாளுக்கு மேல் நின்றால், இறங்கிய காய்ச்சல் திரும்ப ஏறினால், எழுந்து நிற்க முடியாமற் போனால், விழுங்கும்போது புரையேறினால் காத்திருக்க வேண்டாம். விழுங்குவதிலும் பலமாக இருமுவதிலும் ஏற்கெனவே சிரமம் உள்ளவர்களுக்குச் சளி நெஞ்சில் தங்கி நிமோனியாவாக மாறும் ஆபத்து அதிகம். மூச்சு எடுக்கக் கஷ்டம், உதடு நீலம் பாரித்தல், பேச்சுத் தடுமாறிக் குழம்புதல் என்றால் நேரே 113.

மொழி தடையாக இருந்தால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். 2022 தை முதல் நடைமுறையிலுள்ள சட்டத்தின்படி பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராகப் பயன்படுத்தக்கூடாது. பத்து வயதுப் பிள்ளை தன் தாயின் நரம்பு நோயைப் பற்றித் தானே வாய் திறந்து சொல்லவேண்டிய நிலையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

தடுப்பூசிகள்

“ஊசி போட்டால் எம்.எஸ். கிளம்பும்” என்ற பேச்சு எம்மிடையே மட்டுமன்றி நோர்வேஜியரிடமும் உண்டு. கிறிஸ்தியான் கொன்பவ்ரோ என்ற பிரெஞ்சு நரம்பியலாளரும் அவரது குழுவினரும் தாக்கம் வந்த 600க்கு மேற்பட்ட ஐரோப்பிய நோயாளர்களை ஆராய்ந்து, தடுப்பூசிக்கும் தாக்கத்துக்கும் தொடர்பு காணப்படவில்லை என்று 2001இல் எழுதினார்கள். தாக்கத்தைக் கிளப்புவது ஊசியைவிடத் தொற்றுத்தான். ஒவ்வோர் ஐப்பசியிலும் நோயெதிர்ப்புக் குறைந்தவர்களுக்கு இன்புளுவென்சா ஊசியும் கொரோனா ஊசியும் போடும்படி பொதுச் சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகின்றது. அவர்களோடு ஒரே வீட்டில் வசிப்பவர்களும் இன்புளுவென்சா ஊசி போடவேண்டும் என்பதைப் பலர் அறியார். மனைவிக்கு எம்.எஸ். என்றால் கணவனுக்கும் ஊசி. நிமொகொக்கஸ் ஊசி பற்றியும் கேட்டுப் பாருங்கள். ரித்துக்சிமாப் ஏற்றுபவர்கள் முடிந்தால் அடுத்த தவணைக்குக் குறைந்தது நான்கு வாரம் முன்பாகத் தடுப்பூசியைப் போட்டுக்கொள்வது நல்லது. ஆனால் தவணைக் கணக்குப் பார்த்துக்கொண்டே குளிர்காலம் முழுவதையும் ஊசியின்றிக் கழித்துவிட வேண்டாம்.

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும் குடும்பங்களுக்கு: உயிருள்ள கிருமியை வலுக்குறைத்துச் செய்த தடுப்பூசிகள் இந்த மருந்துகளோடு கூடாது. சின்னமுத்து ஊசி, கொப்புளிப்பான் ஊசி, மூக்கில் விசிறும் இன்புளுவென்சா மருந்து ஆகியன அந்த வகை. இலங்கை போவோருக்குச் சிலவேளை தரப்படும் குடெங்கா என்ற டெங்குத் தடுப்பூசியும் அந்த வகையே. பயணத் தடுப்பூசி நிலையத்தில் எம்.எஸ். மருந்தின் பெயரைச் சொல்லாமல் கையை நீட்டாதீர்கள்.

வீட்டுக்கு வருபவர்களிடம் என்ன சொல்வது?

மருத்துவ நூல்களில் பதில் இல்லாத கேள்வி இதுதான், எமக்கு மிகவும் கடினமானதும் இதுதான். கலியாணம் பேசவேண்டிய பிள்ளை, ஊரில் என்ன கதைப்பார்கள், மாமியார் வீட்டில் என்ன சொல்வார்கள் என்று பெற்றோர் மறைக்கின்றார்கள். அந்தப் பயத்தை நாம் சிறுமைப்படுத்தவில்லை. எமது சமூகம் அந்தப் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆனால் மறைப்பதன் விலையை அந்தப் பிள்ளையின் உடம்புதான் கொடுக்கின்றது. தெரியாதவர் இருமிக்கொண்டே வந்து பக்கத்தில் அமர்வார், பிறந்தநாள் விழாவில் மூக்கொழுகும் குழந்தையைத் தூக்கி மடியில் வைப்பார். அவர்மேல் குற்றமில்லை, அவருக்கு யாரும் சொல்லவில்லை.

நோயின் பெயரைச் சொல்ல மனமில்லாவிட்டால் மருந்தைச் சொல்லலாம் என்று நாம் அந்தத் தாயாரிடம் கூறினோம். “மகள் எடுக்கிற மருந்தாலை அவவுக்குத் தடிமன் கெதியிலை பிடிக்கும். சுகமானபிறகு வாங்கோ, ஆறுதலாக் கதைப்பம்.” இதில் பொய் எதுவுமில்லை. கொரோனாவுக்குப் பின் இப்படிக் கேட்பதை யாரும் அவமரியாதையாக எடுப்பதில்லை என்பதை நாம் கண்டிருக்கின்றோம். நோயாளியைப் பார்க்கப் போவது எமது பண்பாடு. எமக்கே தடிமன் என்றால் அன்று தொலைபேசியில் சுகம் விசாரிப்பதும் அதே பண்பாட்டில் அடங்கும். சாப்பாடு கொண்டுபோனால் கதவடியில் வைத்துவிட்டு வரலாம்.

அதற்காகப் பிள்ளையை வீட்டுக்குள் பூட்டிவைக்கவும் வேண்டாம். கோவிலுக்குப் போகலாம், நடன வகுப்புக்கும் வேலைக்கும் போகலாம். குளிர்காலத்தில் நெரிசலான மண்டபத்தில் முகக்கவசம் அணிந்தால் யாரும் கேலி செய்யாமல் இருப்பது எமது பொறுப்பு. சங்கத்தின் விழாக்களில் கைகழுவும் மருந்து வாசலில் வைக்கப்படும். சன்னல்களும் இடைக்கிடை திறக்கப்படும், குளிரென்று கோபிக்கவேண்டாம்.

ஒரு பக்கக்குறிப்பு. எம்.எஸ். நோயின் தோற்றத்திலும் வைரசு ஒன்றின் பங்கு இருப்பதாக இப்போது வலுவாக நம்பப்படுகின்றது. அமெரிக்க இராணுவத்தினர் ஒரு கோடிக்கு மேற்பட்டோரின் இரத்த மாதிரிகளைக் கொண்டு நடந்த ஆய்வு, எப்ஸ்ரீன்-பார் என்ற வைரசு தொற்றியபின் எம்.எஸ். வரும் சாத்தியம் 32 மடங்காகக் கூடுவதை 2022 தையில் காட்டியது. அந்தக் கட்டுரையின் முதலாவது ஆசிரியர் ஷெத்தில் பியோர்னெவிக் ஒரு நோர்வேஜியர். பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இந்த வைரசு ஏற்கெனவே உடம்பில் உண்டு, அவர்களில் மிகச் சிலருக்கே எம்.எஸ். வருகின்றது. ஆகவே “யார் தொற்றவைத்தது” என்று தேடவேண்டாம்.

அந்தத் தாயாரின் மகளுக்குக் காய்ச்சல் மூன்றாம் நாள் இறங்கியது. ஐந்தாம் நாள் கால் விறைப்பும் கண் மங்கலும் போய்விட்டன. மருந்தேற்றும் நாள் இரண்டு வாரம் பின்போடப்பட்டது. மருந்தின் பெயர், கடைசியாக ஏற்றிய திகதி, மருத்துவமனையின் நரம்பியல் பிரிவுத் தொலைபேசி இலக்கம் மூன்றையும் ஒரு சிறு அட்டையில் நோர்வேஜிய மொழியில் எழுதி, மகளின் பணப்பையில் ஒன்றும் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒன்றுமாக வைத்திருப்பதாகத் தாயார் பின்னர் சொன்னார். அத்தகைய அட்டையை எழுத உதவி தேவைப்படுபவர்கள் எமது மருத்துவப் பக்கக் குழுவினரைச் சங்க ஒன்றுகூடல்களில் தனியே சந்திக்கலாம். பெயரோ விபரமோ வெளியே போகாது.